ஆறாம் வகுப்புக்கு முன்னால் வரும் படிவம்

டெக்சஸில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பொங்கல் கழிந்த கையோடு பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்துவிடும். ஆகஸ்டில் மிடில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளை எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிக்கப் போகிறது, எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பாடமாக என்ன எடுக்கப் போகிறது என்று சில வாரங்களுக்குள் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை ஒரே வகுப்பறை, ஒன்றிரண்டு ஆசிரியர்கள் என்று இருந்த பிள்ளைக்கு இனி நாளுக்கு ஏழெட்டு பீரியட், பீரியடுக்கு ஓர் ஆசிரியர். பெற்றோருக்கும் இது புதுசு. நாமெல்லாம் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு ஃபர்ஸ்ட் குரூப்பா, தேர்டு குரூப்பா என்று ஒரே ஒருமுறை யோசித்தவர்கள். இங்கே பத்து, பதினோரு வயதிலேயே அந்த யோசனை தொடங்கிவிடுகிறது.

டல்லாஸுக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர் ஒன்றில் நாங்கள் வசிக்கிறோம். மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. இருவருக்கும் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அதன் பலனையும் கண்கூடாகப் பார்த்தாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி வந்தால் தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது ஒரு தங்கை என்னைப் பிடித்துக்கொள்வாள்: "அக்கா, நீங்க எல்லாத்துக்கும் அட்வான்ஸ்டு போட்டீங்களா? போடலைன்னா பின்னாடி கஷ்டமாமே?" நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் சொல்வது இதுதான். படிவத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தாலும், பிற்பாடு மாற்றுவதற்குக் கடினமானவை இரண்டே. ஒன்று கணிதம், இன்னொன்று வாத்திய இசை. இரண்டிலும் இறங்குவது எளிது, ஏறுவது கடினம். மற்றவற்றை அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம். ஆகவே குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கும் நேரத்தை இந்த இரண்டுக்கும் கொடுங்கள். மிச்சத்தைப் பிள்ளையின் கையில் விட்டால் எதுவும் கெட்டுப்போகாது.

படிவத்தைத் தாமதிக்காமல் கொடுப்பதும் முக்கியம். எத்தனை பிள்ளைகள் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுக்கு எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர், எந்தப் பாடம் எந்த பீரியடில் என்று பள்ளி முழுமைக்குமான கால அட்டவணையைப் போடுகிறார்கள். கடைசியில் வரும் படிவத்துக்கு மிச்சம் இருக்கிற இடம்தான். "இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம்" என்ற கட்டங்களைப் பலர் ஏனோதானோ என்று நிரப்புவார்கள். முதல் விருப்பம் கிடைக்காத பிள்ளைக்கு அதுதான் ஓர் ஆண்டு முழுவதும் தினமும் உட்காரப் போகிற வகுப்பு. அதையும் மனதார எழுதுங்கள்.

கணிதத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும், ஆனால் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டு மேத் என்றால் ஆறாம் வகுப்புப் பாடத்தோடு ஏழாம் வகுப்புப் பாடத்திலும் ஒரு பகுதியைச் சேர்த்துப் படிப்பார்கள். அடுத்த ஆண்டு ஏழின் மீதியும் எட்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா ஒன்று. அதன்பின் ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா இரண்டு, பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். அல்ஜீப்ராவை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை பன்னிரண்டில் ப்ரீகால்குலஸோடு நிற்கும். கால்குலஸ் வேண்டும் என்றால் ஓர் ஆண்டில் இரண்டு கணிதப் பாடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அல்லது ஒரு கோடை விடுமுறையை அதற்குக் கொடுக்க வேண்டும். பொறியியல், கணினி என்று போக நினைக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலேயே இந்தத் தடம் தொடங்குகிறது என்று சொல்வது இதனால்தான்.

டெக்சஸில் 2023இல் ஒரு சட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்பு மாநிலத் தேர்விலோ பள்ளி மாவட்டத்தின் அதற்கு இணையான மதிப்பீட்டிலோ கணிதத்தில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைகளை, யாரும் கேட்காமலே ஆறாம் வகுப்பு அட்வான்ஸ்டு மேத்தில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் பெற்றோர்தான் விலகிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பரிந்துரை செய்தால், அல்லது விவரம் தெரிந்த பெற்றோர் போய்க் கேட்டால் மட்டுமே இடம் என்று இருந்தபோது, நன்றாகக் கணக்குப் போடும் கறுப்பினப் பிள்ளைகளும் ஹிஸ்பானிக் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் விடுபட்டுப்போனார்கள். அதைச் சரிசெய்ய வந்த சட்டம் இது. நல்ல சட்டம் என்று மனப்பூர்வமாக நினைக்கிறேன். கேட்டு வாங்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் கதவு திறப்பது எந்த ஊரிலும் நியாயம் ஆகாது.

உங்கள் பிள்ளை அந்த 40 விழுக்காட்டுக்குள் வந்துவிட்டால், விலகுவதற்கு உறுதியான காரணம் இல்லாதவரை சேர்ந்து பார்க்கச் சொல்வேன். எல்லைக்குச் சற்று வெளியே நிற்கும் பிள்ளைக்குத்தான் யோசிக்க வேண்டும். அப்போது மதிப்பெண்ணைவிட பின்னங்களைப் பாருங்கள். ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது, உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளையின் அல்ஜீப்ராவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது என்று சொன்னது. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுத் தரவுகளிலும் இது தெரிந்தது. குடும்பத்தின் வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான்.

நான் வீட்டில் செய்து பார்த்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். கடையில் ஒரு சட்டைக்கு 20 விழுக்காடு தள்ளுபடி. பில் போடும் இடத்தில் மேற்கொண்டு 20 விழுக்காடு. மொத்தத் தள்ளுபடி எவ்வளவு? என் மகன் சட்டென்று "நாற்பதும்மா" என்றான். "நூறு டாலர் சட்டைன்னு வச்சுக்கோ, சொல்லு" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதல்ல எண்பது ஆயிடுச்சு. ரெண்டாவது இருபது எண்பதுலதான எடுக்கணும்? அப்போ அறுபத்து நாலு. முப்பத்தாறு பர்சென்ட்தான்" என்றான். முதலில் தவறாகச் சொன்னதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டாவது 20 எதில் 20 என்று தானே கேட்டுக்கொண்டானே, அதைத்தான் பார்த்தேன். ஆறு, ஏழாம் வகுப்புக் கணிதத்தின் முதுகெலும்பே விகிதம்தான். "எதில் எவ்வளவு" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வேகமான வகுப்பிலும் தாக்குப்பிடிக்கும். விதியை மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை அங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குறுக்கு வழியும் நம்மவர்களிடையே பிரபலம். டெக்சஸ் சட்டப்படி, பாடத்தை வகுப்பில் படிக்காமலே தேர்வெழுதி 80 மதிப்பெண் எடுத்தால் அதைத் தாண்டிப் போகலாம். கோடையில் டியூஷன் வைத்து, ஆறாம் வகுப்புக் கணிதத்தைத் தேர்விலேயே முடித்து, அல்ஜீப்ராவை ஏழாம் வகுப்புக்கு இழுத்துவிடுவார்கள். தானாகவே கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்து உட்காரும் பிள்ளைக்கு அது சரி. மற்ற பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் எப்போதும் சொல்கிறேன். விகிதமும் எதிர்ம எண்களும் ஊறுவதற்கு ஓர் ஆண்டு தேவை. டியூஷனில் எட்டு வாரத்தில் ஓட்டியது அல்ஜீப்ரா இரண்டில் வந்து காலை வாரும்.

இத்தனை பதற்றம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லியாக வேண்டும். 1997இல் டெக்சஸில் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும், வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கும் அது ஒரு வாசல். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் கூட்டம் தாங்காமல் எல்லையைக் குறைத்துக்கொண்டே வந்து, 2026 சேர்க்கைக்கு முதல் 5 விழுக்காடு என்று ஆக்கிவிட்டார்கள். எல்லோரும் நன்றாகப் படிக்கும் எங்களைப் போன்ற புறநகர்ப் பள்ளிகளில் ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரியின் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கெல்லாம் போட்டி. அந்த அனல் ஆறாம் வகுப்பு வரை அடிக்கிறது.

ஆனால் ஆறாம் வகுப்பு மதிப்பெண் அந்தக் கணக்கில் சேராது. ஏழு, எட்டில் படித்தாலும் உயர்நிலைப் பள்ளி கிரெடிட் தரும் பாடங்கள், அதாவது அல்ஜீப்ரா ஒன்று, ஸ்பானிஷ் ஒன்று போன்றவைதான் கேள்விக்குரியவை. அவற்றின் மதிப்பெண் ஜிபிஏவில் சேருமா, கிரெடிட் மட்டும் சேருமா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். பள்ளிக் கவுன்சலரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதை முதலில் எழுதிவையுங்கள். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு இன்னொரு கனமும் உண்டு. உயர்நிலைப் பள்ளி முடிக்க மாநிலம் கேட்கும் பாட இறுதித் தேர்வுகளில் அதுவும் ஒன்று. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அதை எழுதிவிடுகிறார்கள்.

இனி இசை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

டெக்சஸ் பேண்டுகளுக்குப் பேர்போன மாநிலம். இங்கே பிள்ளைகள் வாத்தியத்தைத் தொடுவதே பெரும்பாலும் ஆறாம் வகுப்பில்தான். பெரிய பள்ளிகளில் ஒரு வாத்தியத்துக்கு ஒரு வகுப்பு: கிளாரினெட் எல்லாம் ஒரு பீரியட், டிரம்பெட் எல்லாம் ஒரு பீரியட். உதட்டை வைப்பது, மூச்சை விடுவது, விரல் வைப்பது என்று அடிப்படை முழுவதும் அந்த ஓராண்டில் போட்டுவிடுவார்கள். ஏழாம் வகுப்பில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஏழில் புதிதாகச் சேர நினைக்கும் பிள்ளைக்கு அந்த ஓராண்டு இல்லை. கோடையில் தனி வகுப்பு எடுத்து வந்தால் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. "முதல் வருஷம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பேண்ட் பார்க்கலாம்" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: ஆர்வம் இருந்தால் ஆறிலேயே போடுங்கள், பிடிக்காவிட்டால் ஏழில் விட்டுவிடலாம்.

ஒரு வாத்தியத்துக்கு ஒரே பீரியட் என்பதால், அதைச் சுற்றித்தான் மற்ற பாடங்களின் நேரம் அமையும். பிள்ளையின் தோழி ஒரு வகுப்பிலும் பிள்ளை இன்னொரு வகுப்பிலும் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஆகஸ்டில் அழுகை குறையும்.

வசந்த காலத்தில் ஒரு மாலை, வாத்தியம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவே கூப்பிடுவார்கள். உதடு, பல் வரிசை, விரல் நீளம் எல்லாம் பார்ப்பார்கள். என் மகன் "டிரம்ஸ் மட்டும்தான்" என்று போனான். தாள வாத்தியத்துக்கு இடம் கொஞ்சம்தான், கேட்பவர்கள் அதிகம். பியானோ தெரிந்து ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். ஆசிரியர் அவன் கையில் யூஃபோனியத்தைக் கொடுத்து ஊதச் சொன்னார். முதல் மூச்சிலேயே கனமான, வட்டமான ஓர் ஒலி வந்தது. அவனே திரும்பி என்னைப் பார்த்தான். இன்று வரை அதுதான் அவன் வாத்தியம். பெற்றோருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. டியூபா, யூஃபோனியம், பிரெஞ்ச் ஹார்ன், பசூன் போன்ற பெரிய, விலை அதிகமான வாத்தியங்களைப் பெரும்பாலும் பள்ளியே கொடுக்கும். ஃப்ளூட், கிளாரினெட், டிரம்பெட் என்றால் நாம் வாடகைக்கு எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆசிரியர் பள்ளி நேரத்திலேயே நடத்தும் தனி வகுப்புக்கும் கட்டணம் தனி. படிவத்தில் பேண்ட் என்று எழுதுவதற்கு முன் இந்தச் செலவை விசாரித்துக்கொள்ளுங்கள். கட்ட முடியாத குடும்பத்துக்கு உதவி இருக்கிறதா என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

மகள் ஆர்கெஸ்ட்ராவில் வயலின். அவள் சிறு வயதிலிருந்தே கர்நாடக வயலின் கற்றுவந்தாள், ஆகவே சுலபமாக இருக்கும் என்று பலர் சொன்னார்கள். இப்படி இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் தாங்கி வாசிக்கிறோம். அங்கே நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து, தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடிக்க வேண்டும். நமக்கு நான்கு தந்தியும் ஸ-ப-ஸ-ப. அவர்களுடைய சுருதி வேறு, அடுத்தடுத்த தந்திக்கு நடுவே எப்போதும் ஒரே இடைவெளி. கமகத்துக்குப் பழகிய விரல் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கவும் கற்க வேண்டும். செவி முன்கூட்டியே தயாராக இருந்தது அவளுக்குப் பெரிய பலம். கையும் தோளும் புதிதாகத் தொடங்கின. இரண்டுக்கும் தனித்தனி வயலின் வைத்துக்கொள்ளச் சொன்னார் அவளுடைய குரு. ஒரே வாத்தியத்தை மாற்றி மாற்றிச் சுருதி கூட்டினால் தந்தியும் பாழ், பிள்ளைக்கும் குழப்பம். இரண்டையும் இன்றும் விடாமல் வாசிக்கிறாள்.

இசை வேண்டாம் என்றாலும் குற்றம் இல்லை. ஆறு முதல் எட்டுக்குள் ஒரு கலைப் பாடம் எடுத்தாக வேண்டும் என்பது மாநில விதி. ஓவியம், நாடகம், கொயர் எதுவும் அதற்குப் போதும். இந்தக் கட்டத்தைப் பிள்ளையே தன் கையால் நிரப்பட்டும். வாயே திறக்காத ஒரு பையன் நாடக வகுப்பில் சேர்ந்து, அரை ஆண்டில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மொழிப்பாடத்தில், அதாவது ஆங்கிலத்தில், நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தம். கணிதத்துக்குக் கொடுக்கும் யோசனையில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை. 2023இல் மாற்றியமைத்த ஸ்டார் (STAAR) என்னும் மாநிலத் தேர்வில் மூன்றாம் வகுப்பு முதலே மொழித்தாளில் கட்டுரை எழுத வேண்டும். விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் முக்கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. யாரும் சொல்லாமலே புத்தகம் எடுத்துப் படிக்கும் பிள்ளை என்றால் அட்வான்ஸ்டு ஆங்கிலம் போடுங்கள், அது வளரும் இடம். இல்லை என்றால் சாதாரண வகுப்பில் நிதானமாக எழுதிப் பழகட்டும், ஏழில் மாறலாம். அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. சமூக அறிவியலில் ஆறில் உலகப் பண்பாடுகள், ஏழில் டெக்சஸ் வரலாறு, எட்டில் 1877 வரையிலான அமெரிக்க வரலாறு. சாதாரண நிலையிலேயே நிறைவான பாடங்கள்.

உடற்கல்வியைப் பற்றியும் ஒரு சொல். ஆறிலிருந்து எட்டுக்குள் நான்கு அரையாண்டு அது இருந்தாக வேண்டும். எலெக்டிவுக்கு இடம் வேண்டும் என்று அதைத் தள்ளிக்கொண்டே போனால் எட்டாம் வகுப்பில் முட்டும். பள்ளி அணிகளின் விளையாட்டு ஏழில்தான் தொடங்குகிறது. 1984இலிருந்து இங்கே இன்னொரு விதி: பாடத்தில் 70க்குக் கீழே போனால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. விளையாட்டோ பேண்டோ உயிர் என்று இருக்கும் பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ்டு போடுவதற்கு முன் இதையும் சொல்லுங்கள். அட்வான்ஸ்டு பாடங்களுக்கு விலக்கு கொடுக்கும் மாவட்டங்கள் உண்டு. உங்கள் மாவட்டத்தில் எப்படி என்று கேளுங்கள்.

ஸ்பானிஷ் இப்போதே வேண்டுமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. உயர்நிலைப் பள்ளி முடிக்க வேற்றுமொழியில் இரண்டு கிரெடிட் தேவை. சில மாவட்டங்களில் அதைத் தமிழில் தேர்வெழுதியே பெறலாம். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய கௌரவம். உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று ஆறாம் வகுப்பிலேயே விசாரித்துவிட்டால், தமிழ் எழுதப் படிக்கும் பயிற்சியை நடுவில் விடாமல் இருக்கலாம். ஸ்பானிஷ் எடுக்கத் தேவையில்லாமல் எங்கள் வீட்டில் எலெக்டிவுக்கு இடம் கிடைத்தது இதனால்தான்.

எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு, ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளையின் சாயங்காலங்களை எழுதிப் பாருங்கள். எந்த நேரத்துக்கு வீடு வரும், பாட்டு என்றைக்கு, பரதம் என்றைக்கு, நீச்சல் என்றைக்கு, எத்தனை மணிக்குப் படுக்கும் என்று. எலிமெண்டரியில் ஒன்றிரண்டு ஆசிரியர்கள்தான், மொத்தம் எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுத்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே ஏழு பேர்; ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அட்வான்ஸ்டு வகுப்பு இரண்டுக்கு மேல் போனால் அந்தத் தாளில் எதை அடிக்கப் போகிறீர்கள் என்று பிள்ளையையே கேளுங்கள். என் மகள் அறிவியல் அட்வான்ஸ்டை அடித்துவிட்டு, "வியாழக்கிழமை எனக்கு ஒண்ணுமே வேணாம்மா, சும்மா இருக்கணும்" என்றாள். அப்படியே செய்தோம். எட்டில் அவளாகவே அறிவியலை அட்வான்ஸ்டு நிலையில் எடுத்துக்கொண்டாள்.

கற்றல் குறைபாட்டுக்காகவோ கவனச் சிதறலுக்காகவோ பள்ளியில் தனித் திட்டம் இருக்கும் பிள்ளை என்றால், அந்தக் கோப்பு தானாகப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் புதிய பள்ளியின் ஆளையும் சேர்த்து ஒரு கூட்டம் கேளுங்கள். தேர்வுக்குக் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற சலுகைகள் அட்வான்ஸ்டு வகுப்பிலும் செல்லும். "அந்தத் திட்டம் இருந்தால் அட்வான்ஸ்டு கிடையாது" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ஊனத்தைக் காரணம் காட்டி வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று 1973இலிருந்தே மத்தியச் சட்டம் சொல்கிறது.

ஆகஸ்டில் கால அட்டவணை கைக்கு வரும். எலெக்டிவை மாற்ற வேண்டும் என்றால் முதல் ஓரிரு வாரங்களுக்குள்தான் பெரும்பாலும் விடுவார்கள். கடைசித் தேதியைப் பள்ளி தொடங்கும் நாளிலேயே கேட்டுக் குறித்துவையுங்கள். பாடத்தின் நிலையை இறக்க முதல் மதிப்பெண் அட்டை வரை பொறுத்திருக்கச் சொல்வார்கள், அது நியாயமானதும்கூட. அட்வான்ஸ்டு மேத்தின் முதல் தேர்வில் 65 வந்ததும் எங்கள் தெருவில் ஒரு தாய் அன்றே கவுன்சலருக்கு எழுத உட்கார்ந்தாள். மூன்றாவது தேர்வு வரை பொறுக்கச் சொன்னேன். அதற்குள் அந்தத் தாயின் மகள் தினமும் காலையில் பள்ளியில் நடக்கும் இலவசப் பயிற்சி நேரத்துக்குத் தானாகவே போகத் தொடங்கியிருந்தாள். இன்றும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள்.